சுதந்திரவாதிகள் செய்த சட்டம்

1875ஆம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில், ஜெர்மனியின் பிரேமன் துறைமுகத்திலிருந்து நியூயார்க்கை நோக்கி ஒரு நீராவிக் கப்பல் புறப்பட்டது. அதன் பெயர் ‘டாய்ச்லாந்து’. ஜெர்மானியர்கள் தங்கள் தேசத்தைக் குறிப்பிடும் பெயரும் அதுவே. பனிப்புயலில் வழி தவறிய அந்தக் கப்பல், தேம்ஸ் நதியின் கழிமுகத்துக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் உதவிக்கு யாரும் வரவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். மாண்டவர்களில் ஐந்து பேர் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகள். நோயாளிகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் ஊழியம் செய்யும் சபையைச் சேர்ந்தவர்கள்.

இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த ஆங்கிலேயத் துறவி ஒருவர் மனம் கலங்கி ஒரு நெடுங்கவிதை எழுதினார். அவர்தாம் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ். அவர் சேர்ந்திருந்த சபையின் பத்திரிகையே அந்தக் கவிதையைப் போட மறுத்துவிட்டது. அது அச்சேறியது 1918இல். அவர் காலமாகி 29 வருஷங்களுக்குப் பிறகு.

இந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நோயாளிகளைக் கவனிக்கும் ஐந்து பெண்களுக்கு டிசம்பர் மாதத்து வட கடலில் என்ன வேலை? சொந்த ஊரில் நோயாளிகள் இல்லையா? பதிலைத் தேடிப் போனவன் ஒரு விசித்திரமான சரித்திரத்தில் போய் விழுந்தேன். கடலைத் தாண்டும்படி அவர்களை நெருக்கியது ஒரு சட்டம். அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் முதல் வரிசையில் இருந்தவர்கள் லிபரல்கள். பத்திரிகைச் சுதந்திரம், பேச்சுச் சுதந்திரம், மனச்சாட்சிச் சுதந்திரம் என்று வாழ்நாளெல்லாம் முழங்கியவர்கள்!

ஜெர்மன் சாம்ராஜ்யம் 1871 ஜனவரியில் பிறந்தது. பிரஜைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கத்தோலிக்கர். பிரதம மந்திரி பிஸ்மார்க்குக்கு அவர்கள்மேல் சந்தேகம். கிழக்கே போலிஷ் மொழி பேசுகிறவர்கள், மேற்கே ரைன் நதிக்கரைக்காரர்கள் எல்லாரும் பெர்லினைவிட ரோமாபுரிக்கே அதிகம் கட்டுப்பட்டவர்கள் என்பது அவர் எண்ணம். பிஸ்மார்க் லிபரல் அல்ல. அதிகாரத்தைத் தவிர வேறு எதற்கும் தலை வணங்காதவர். அவருடைய செய்கையில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆச்சரியமெல்லாம் அவருக்குத் தோள் கொடுத்தவர்களைப் பற்றித்தான்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1864இல் போப் ஒன்பதாம் பத்திநாதர் எண்பது ‘தவறுகளை’க் கண்டித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். முன்னேற்றத்தோடும் லிபரலிசத்தோடும் நவீன நாகரிகத்தோடும் போப்பாண்டவர் சமரசம் செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம், அதில் கடைசித் தவறு. 1870 ஜூலையில், விசுவாச விஷயங்களில் போப் அதிகாரபூர்வமாகச் சொல்லும் தீர்ப்பு தவறவே தவறாது என்று வத்திக்கான் சங்கம் தீர்மானித்தது. புஸ்தகங்களையும் சர்வகலாசாலையையும் உயிராக மதித்த ஒரு தலைமுறைக்கு இது எப்படி இருந்திருக்கும்? கோபம் வந்தது நியாயமே. ஆனால், ஒரு கருத்தின்மேல் வந்த கோபத்தை அந்தக் கருத்தின் நிழலில் வாழும் மனிதர்கள்மேல் காட்டும்போது நியாயம் விடைபெற்றுக்கொள்கிறது.

சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிரசங்க மேடையில் அரசாங்க விவகாரங்களைப் பொது அமைதி கெடும்படி பேசும் குருவுக்குச் சிறை என்றது 1871இல் வந்த சட்டம். 1872இல் இயேசு சபையைத் தேசத்திலிருந்து விலக்கினார்கள். இயேசு சபை என்றால் நமக்கு வீரமாமுனிவர் ஞாபகம் வரும். அவர்களுக்கோ சதிகாரர்கள் ஞாபகம்தான் வந்தது. 1873இல், குருக்களின் படிப்பையும் நியமனத்தையும் பிரஷ்ய மந்திரி பால்க் அரசாங்கத்தின் கைக்குள் கொண்டுவந்தார். 1875இல், நோயாளிகளைப் பராமரிப்பவை தவிர மற்ற மடங்களையெல்லாம் மூட உத்தரவாயிற்று. போசென் நகர அத்தியட்சர் சிறைக்குப் போனார். சிறையில் இருக்கும்போதே போப் அவரைக் கர்தினாலாக்கினார். கொலோன் அத்தியட்சரும் சிறை கண்டு, பிறகு ஹாலந்துக்குத் தப்பியோடினார். ஆயிரத்துக்குக் குறையாத கோவில்களில் பூசை வைக்கக் குருவில்லை. சாகக் கிடக்கும் கிழவிக்குக் கடைசி மந்திரம் சொல்ல ஆளில்லை.

இந்தப் போராட்டத்துக்குப் பெயர் சூட்டியவர் பிஸ்மார்க் அல்ல. ஒரு மகா வைத்தியர். உயிரணுக்கள் உயிரணுக்களிலிருந்தே பிறக்கின்றன என்று உலகுக்கு வற்புறுத்திய ருடால்ப் விர்கோ. ‘கலாசாரப் போர்’ என்ற பொருள்படும் சொல்லை 1873இல் பிரஷ்ய சட்டசபையில் அவர் எடுத்துவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. விர்கோ சின்ன மனிதரல்ல. 1848இல் மேல் சைலேஷியாவில் விஷ ஜுரம் பரவியபோது, இளம் டாக்டராக அங்கே போய்ப் பார்த்தார். பட்டினியில் வாடிய போலிஷ் குடியானவர்களைக் கண்டு, இந்த நோய்க்கு மருந்து ஜனநாயகமும் கல்வியும் செல்வமுமே என்று துணிந்து எழுதினார். அதே அறிக்கையில், குருமார்கள் அந்த ஜனங்களை அறியாமையில் அழுத்தி வைத்திருக்கிறார்கள் என்றும் சீறினார். அந்த இரக்கமும் மெய், அந்தச் சீற்றமும் மெய். கால் நூற்றாண்டு கழிந்தது. யாருக்காக இரங்கினாரோ அந்த ஜனங்களின் குருமார்களை அடக்கும் சட்டங்களுக்கு விர்கோவே முழக்கம் தந்தார். பிறரை விடுவிக்கக் கிளம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். ‘உன் நன்மைக்காகத்தான்’ என்ற வார்த்தை வாயில் வந்த பிறகு, எதிரே இருப்பவன் என்ன சொல்கிறான் என்பது காதில் விழுவதில்லை.

கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு உறுத்துகிற விஷயம் இன்னொன்று உண்டு. அந்த நாளில் ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு படித்த குடும்பப் பத்திரிகை ‘கார்ட்டன்லாவ்பே’. 1875 வாக்கில் மூன்றரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. லிபரல் பத்திரிகை. அதன் நட்சத்திர எழுத்தாளர் மார்லிட் என்ற பெயரில் எழுதிய ஒரு பெண்மணி. 1874இல் வெளிவந்த அவருடைய ‘இரண்டாம் மனைவி’ தொடர்கதையில் வில்லன் யார் தெரியுமா? ஒரு கத்தோலிக்க அரண்மனைக் குரு. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு நாட்டியப் பெண் கூட அதில் வருகிறாள்! வாசகிகள் வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். சட்டசபையில் கை தூக்கிய கனவான்களின் மனைவிமாரும் படித்திருப்பார்கள். நாமும்தான் எழுதுகிறோம். காவி கட்டிய போலிச் சாமியார் இல்லாவிட்டால் நம் தொடர்கதை நகர மறுக்கிறது. ஒரு கதையில் வந்தால் அவன் ஒரு மனிதன். ஒவ்வொரு கதையிலும் வந்தால் அவன் ஒரு ஜாதியாகிவிடுகிறான். பிறகு அந்த ஜாதிக்குச் சட்டம் செய்வது சுலபம்.

1876 ஜூலையில், சார் பிரதேசத்து மார்ப்பிங்கன் என்ற கிராமத்தில் எட்டு வயதுச் சிறுமிகள் மூவர், காட்டில் தேவமாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். அரசாங்கம் அனுப்பியது ஒரு பட்டாளத்தை. துப்பாக்கிச் சனியன்களோடு வந்து கூட்டத்தைக் கலைத்தார்கள். பிறகு பெர்லினிலிருந்து ஒரு துப்பறிபவன் ஐரிஷ் பத்திரிகைக்காரனாக வேஷம் போட்டுக்கொண்டு வந்தான். சிறுமிகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் விசாரித்தார்கள். கடைசியில், 1879இல், கோர்ட்டில் நிறுத்தப்பட்ட கிராமத்தார் எல்லாரும் விடுதலையானார்கள். அந்தச் சிறுமிகளில் ஒருத்தி பின்னால் கன்னியாஸ்திரீயாகி, தாங்கள் சொன்னது பொய் என்று 1889இல் ஒப்புக்கொண்டாள். ஆகவே லிபரல்கள் சந்தேகித்தது சரிதான். ஆனால், ஒரு குழந்தையின் பொய்யை நிரூபிக்கப் பட்டாளம் எதற்கு?

அவ்வளவு பேருக்கு நடுவில் தலையசைக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். எட்வர்டு லாஸ்கர் தேசிய லிபரல் கட்சியின் பெரும் தலைவர், யூதர். கத்தோலிக்கச் சபையிடம் அவருக்குப் பிரியம் இருக்கக் காரணமே இல்லை. இருந்தும், தம் கட்சி ஆதரித்த இயேசு சபைச் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டார். கூட்டமாக ஒரு சாராரை ஊரைவிட்டு ஓட்டும் சட்டம் எந்த வாசலுக்குப் போய் நிற்கும் என்பது அவர் இனத்தின் அநுபவத்தில் எழுதியிருந்தது போலும்.

போர் ஜெயித்ததா? கத்தோலிக்கரின் மையக் கட்சிக்கு 1871இல் சுமார் அறுபது ஸ்தானங்கள், 1874இல் 91. அடித்த அடியில் ஆலமரம் விழுது விட்டது! ‘கானோசாவுக்குப் போகமாட்டோம்’ என்று பிஸ்மார்க் 1872இல் சூளுரைத்தார். 1077இல் ஒரு ஜெர்மன் மன்னன் போப்பின் மன்னிப்புக்காகப் பனியில் காத்து நின்ற இடம் கானோசா. அந்தச் சூளுரையைப் பொறித்து 1877இல் ஹார்ஸ்பர்க்கில் ஒரு தூணே நட்டார்கள். அடுத்த வருஷமே புதிய போப்போடு பேச்சுவார்த்தை தொடங்கியது. 1887க்குள் பெரும்பாலான சட்டங்கள் கரைந்துபோயின.

லிபரல்களுக்கு மிச்சமானது என்ன? 1878இல் பிஸ்மார்க் சோஷலிஸ்டுகளை அடக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தார். மே மாதத்தில் அதை மறுத்த தேசிய லிபரல்கள், அக்டோபரில் ஆதரித்தார்கள். ‘தனிச் சட்டம் அக்கிரமம்’ என்று சொல்ல அவர்களுடைய நாக்குக்குப் பலமில்லை. முன்பே ஒரு தனிச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்ட நாக்கு அது. எதிர்த்து நின்றவர்களில் மையக் கட்சியின் தலைவர் விண்ட்ஹார்ஸ்ட்டும் ஒருவர். கண்பார்வை மங்கிய, குள்ளமான மனிதர். சோஷலிஸ்டுகளின் நாஸ்திகத்தை அடியோடு வெறுத்தவர். ஆனாலும் பட்டவருக்குத் தெரியும்.

இயேசு சபைக்கு எதிரான சட்டம் முழுவதும் ரத்தானது 1917இல்தான். கடலில் போன ஐவரில் கரை சேர்ந்த உடல்களை லண்டனுக்குக் கிழக்கே, லேட்டன்ஸ்டோன் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அவர்களுக்கு விரோதி என்று யாரும் இல்லை. அவர்களைத் தனித்தனியே பார்த்திருந்தால், அந்தச் சட்டசபைக் கனவான்களில் ஒருவர்கூட வெளியே போ என்று சொல்லியிருக்கமாட்டார். விர்கோ நிச்சயம் சொல்லியிருக்கமாட்டார். ஜுரத்தில் கிடந்தவர்களை அவர் கண்ணால் பார்த்தவர்.