வலி தெரியாத கை

கொல்லிமலைக்குச் சாலை வருமுன்பே மருந்துப் பெட்டி வந்துவிட்டது. இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிற மலைக்கு, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி நடந்தே ஏறினார். மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். வெப்பமண்டல நோய்களைப் பற்றிக் கொஞ்ச காலம் படித்திருந்தார், அவ்வளவுதான். அவரும் மனைவி ஈவ்லினும் மலையிலேயே வீடு கட்டித் தங்கி, காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் நரம்புச் சிலந்திக்கும் வைத்தியம் பார்த்தார்கள். மாற்றாள் கிடையாது. நோயாளி வந்து கூப்பிட்ட நேரம்தான் வேலை நேரம். 1929இல் மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். மருத்துவர் என்றதும் நம் மனதில் எழுவது இப்படிப்பட்ட ஒருவரின் உருவம்தான்: உண்ணாமல் உறங்காமல் ஓடி வருகிறவர். அந்த மதிப்பில் தவறில்லை. ஆனால் ஆளில்லாத மலையில் வேறு வழியின்றி ஒருவர் செய்ததை, நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் உள்ள போதனா மருத்துவமனையின் டூட்டி அட்டவணைக்கு அளவுகோலாக வைப்பது தவறு. அது ஏன் தவறு என்பதற்கான விளக்கத்தை அந்த வீட்டுப் பிள்ளையின் ஆராய்ச்சியிலேயே காணலாம்.

மகன் பால் பிராண்ட் ஒன்பது வயதுவரை கொல்லிமலையில் வளர்ந்து, 1923இல் படிப்புக்காக இங்கிலாந்து போனார். அறுவை மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறிய ஒரு நாளில், பத்து வயதுத் தொழுநோய்ச் சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் கையிலிருந்து ரத்தம் சொட்டியது. சாவி விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. தொழுநோயாளியின் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. நோய் நரம்பின் உணர்வைக் கொல்கிறது, உணர்வு போன கையை மனிதர் அறியாமலே சிதைத்துக்கொள்கிறார் என்பதை பிராண்ட் நிறுவிக் காட்டினார். வலி ஒரு காவல். அதை இழந்தவருக்குத் தான் காயப்படுவதே தெரியாது. களைப்பும் அப்படி ஒரு காவல் என்பதுதான் என் வாதம்.

அந்தக் காவலை அடக்கப் பழக்குவது நம் மருத்துவக் கல்வியில் எப்படி நுழைந்தது? நாம் இன்றும் சொல்கிற ‘ஹவுஸ் சர்ஜன்’ என்ற சொல்லிலேயே பழைய ஏற்பாடு தெரிகிறது: மருத்துவமனையையே வீடாகக் கொண்டு வாழ்ந்த இளைஞர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறந்தபோது வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த பயிற்சி முறையும் இதே வகை. அங்கேயே தங்கியதால்தான் ‘ரெசிடென்ட்’. அந்தக் காலத்து வார்டில் நோயாளிகள் வாரக்கணக்கில் படுத்திருந்தார்கள். கொடுப்பதற்கு மருந்துகள் குறைவு, பார்ப்பதற்குப் பரிசோதனைகள் குறைவு. வார்டு அடியோடு மாறியது, அட்மிஷன் டே முழுக்க விழித்திருந்து மறுநாள் ஓ.பி.யையும் பார்க்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. 1984 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண், சேர்க்கப்பட்ட சில மணி நேரத்தில் இறந்தார். கவனித்தவர்கள் நீண்ட டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். தந்தையின் விடாப்பிடியான போராட்டத்தால் 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று வரம்பு கட்டியது.

‘நான் சமாளித்தேன், நீயும் சமாளி’ என்று சீனியர்கள் சொல்வதில் பொய் இல்லை. தாம் சமாளித்ததாகவே அவர்கள் உண்மையாக நம்புகிறார்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையைத்தான் உடைத்தது. 14 நாள் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு உறங்காதவர் அளவுக்குச் சரிந்தது. அவர்களைக் கேட்டால், தூக்கம் கொஞ்சம் வருகிறது, அவ்வளவுதான் என்றார்கள். வேலூர்ச் சிறுவனின் விரல் இதுதான். ஒரு வித்தியாசம், இங்கே அறுபடுவது அடுத்தவர் உடம்பு. பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், பழைய முறைப்படி நீண்ட ஷிஃப்ட் பார்த்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 சதவீதம் கூடுதலாகக் கடும் பிழைகள் செய்தார்கள்.

மறுப்புகள் உண்டு, லேசானவை அல்ல. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் நோயாளி கைமாறுகிறார், கேஸ் ஷீட்டில் எழுதாத விவரம் விட்டுப்போகிறது என்பது உண்மை. ஆனால் ஒப்படைப்பை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்த ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததை 2014இல் கண்டார்கள். இது பயிற்சியால் தீரும் குறை. 2016இல் அமெரிக்க அறுவை சிகிச்சைத் துறைகளில் நடந்த பெரிய ஆய்வு, ஷிஃப்ட்டைத் தளர்த்தியதால் நோயாளிகளுக்குக் கேடு கூடவில்லை என்றது. அதை மேற்கோள் காட்டுபவர்கள், அங்கே வாரம் 80 மணி என்ற வரம்பு அப்படியே இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1992 ஜூன் மாத மத்திய அரசு உத்தரவு, நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2024இல் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் டூட்டி இரவில் கொல்லப்பட்ட பிறகு, உச்ச நீதிமன்றமே 36 மணி நேர ஷிஃப்ட்களைப் பற்றிக் கவலையோடு பேச நேர்ந்தது.

மிஞ்சுவது, ஆளில்லை என்ற மறுப்பு. மலைக்கு இது சரி. மேலே ஒற்றை மருத்துவர் இருந்தால் அவர்தான் எழுந்து வர வேண்டும். ஆனால் மலையில் முடியாத கேஸ் 70 வளைவுகளும் இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோதான் போகிறது. 2022 ஜனவரி 12இல் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் இப்படி வருகிறவர்களுக்காகத்தான். அந்த நோயாளிக்குக் கொண்டுவந்து சேர்த்ததால் மட்டும் பயனில்லை. அங்கே முதலில் கை வைக்கும் ஹவுஸ் சர்ஜன் தெளிவாக விழித்திருக்க வேண்டும். ஆள் போதாதென்றால் பணியிடத்தைக் கூட்ட வேண்டியது அரசு. அந்தப் பற்றாக்குறையை இருபத்து மூன்று வயதுப் பிள்ளையின் தூக்கத்தில் ஈடுகட்டக் கூடாது. பால் பிராண்ட் தன் நோயாளிகளிடம் ‘கவனமாக இரு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. உணராத காலுக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பரில் மெத்தென்ற செருப்பு செய்வித்தார். எங்கே கொப்புளம் வருகிறதென்று பார்த்து, அந்த இடத்தில் செருப்பைத் திருத்தினார்.