மிஸஸ் ஃபோர்டு ஓட்டிய கார்!

அமெரிக்காவையே பெட்ரோல் காரில் ஏற்றி உட்காரவைத்தவர் ஹென்றி ஃபோர்டு. அவருடைய மனைவி கிளாரா எந்தக் காரை ஓட்டினார்? வீட்டுக்காரர் தயாரித்த மாடல்-டி என்று நினைத்தால்... ஸாரி! மின்சாரக் கார். அதுவும் வேறு கம்பெனி கார்! 1908-க்கும் 1914-க்கும் இடையில், குறைந்தது 3 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' கார்களை மனைவிக்காகக் காசு கொடுத்து வாங்கினார் ஃபோர்டு.

காரணம் இருந்தது. அன்றைக்கு பெட்ரோல் காரைக் கிளப்புவதே ஒரு குஸ்தி! முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்தால் மணிக்கட்டு காலி. போதாக்குறைக்குப் புகை, நாற்றம், சத்தம்.

மின்சாரக் காரில் இந்த வம்பெல்லாம் கிடையாது. ஸ்டீயரிங் வீல்கூட இல்லை. திருப்ப ஒரு நீளக் கம்பி, வேகத்துக்கு ஒரு குட்டிக் கம்பி, அவ்வளவுதான். கிளாரா பின் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவார். முன்னால் இருக்கும் விருந்தாளி அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வரலாம். நகரும் வரவேற்பறை!

அவருடைய 1914 மாடல், ஒரு சார்ஜில் சுமார் 80 மைல் ஓடும். வேகம் மணிக்கு 25 மைல்தான். கடைக்கும் தோழி வீட்டுக்கும் போய்வர இது தாராளம். ராத்திரி சார்ஜ் போட்டால் காலையில் ரெடி.

பராமரிப்பு? பேட்டரிகளுக்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். வீட்டுக்கு ஏ.சி. கரன்ட் வந்தால், அதை டி.சி.யாக மாற்றத் தனி இயந்திரம் வேண்டும். ஷெட்டின் மூலையில், பாதரச ஆவி நிறைந்த கண்ணாடிக் குடுவை நீலமாக ஒளிவிட்டுக்கொண்டிருக்கும்!

1900-ல் அமெரிக்காவில் தயாரான பெட்ரோல் கார்கள் 936. மின்சாரக் கார்களோ 1,575! அப்புறம் எப்படிக் கவிழ்ந்தது?

1912-ல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற இன்ஜினீயரின் கைவண்ணம். ஒரு பேட்டரி, ஒரு சின்ன மோட்டார்... கையால் சுற்றும் தொல்லை தீர்ந்தது. ஆக, மின்சாரக் காரைக் கவிழ்த்ததே மின்சாரம்தான்! மாடல்-டியின் விலையும் வருஷா வருஷம் இறங்கியது. கிராமங்களில் கரன்ட் இல்லை. பெட்ரோலையோ டின்னில்கூட எடுத்துப் போகலாம். 'இது பெண்கள் வண்டி' என்ற முத்திரை வேறு. ஆண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். எடிசனோடு கைகோத்து மலிவான மின்சாரக் கார் கொண்டுவருவதாக 1914-ல் ஃபோர்டே அறிவித்தார். அது கடைசிவரை சந்தைக்கு வரவில்லை. 1939-ல் டெட்ராய்ட் எலெக்ட்ரிக்கும் மூச்சை நிறுத்திக்கொண்டது.

கவனியுங்கள்... தினசரி ஓட்டத்தில் அந்தக் கார் தோற்கவே இல்லை. கிளாரா 1930-கள் வரை அதை ஓட்டினார். அது தோற்றது, வருஷத்தில் இரண்டு மூன்று தடவை வரும் வெளியூர்ப் பயணத்தில்தான். மனிதன் கார் வாங்குவது தினமும் போகும் 10 மைலுக்காக அல்ல. என்றைக்கோ ஒருநாள் போகப்போகிற 200 மைலுக்காக! இன்றைக்கு ஷோரூமில் 'பாதி வழியில சார்ஜ் தீர்ந்துட்டா என்ன சார் பண்றது?' என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு வயசு நூறு தாண்டிவிட்டது!