டிஸ்க் வேஷம் போட்ட கேமரா

உங்க வீட்டு அலமாரியில 2003, 2004 வாக்குல வாங்கின டிஜிட்டல் கேமரா ஒன்னு கிடக்கலாம். அதோட வந்த சிடி எப்பவோ தொலைஞ்சு போயிருக்கும். ஆனா கேபிளும் பேட்டரியும் உயிரோட இருந்தா, இன்னிக்கு இருக்கிற கம்ப்யூட்டர்ல செருகிப் பாருங்க. பல கேமராக்கள் பென் டிரைவ் மாதிரி அப்படியே திறந்துக்கும். இருபது வருஷத்துக்கு முந்தின ஒரு கருவி, தான் பிறந்தப்போ இல்லாத கம்ப்யூட்டரோட எப்படிப் பேசுது? அதுதான் இன்னிக்கு நாம பார்க்கப்போற கதை.

1975-ல கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற பொறியாளர் ஒரு டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை ஏறக்குறைய மூன்றரை கிலோ. படம் 100-க்கு 100 புள்ளிகள். ஒரு படம் கேசட் டேப்பில் பதிவாக 23 விநாடி ஆனது. அந்தப் படத்தைப் பார்க்கணும்னா, டேப்பைக் கழற்றி, டிவியோடு இணைத்த இன்னொரு கருவியில் போடணும். கவனிச்சீங்களா? படம் எடுக்கிறது ஒரு பிரச்சினை, எடுத்த படத்தை வெளியே கொண்டுவர்றது வேற பிரச்சினை. இது முதல் நாளிலிருந்தே இருந்தது.

1994-ல ஆப்பிள் குயிக்டேக் 100 வந்தது. 640-க்கு 480 அளவில் எட்டுப் படம் எடுக்கலாம். கம்ப்யூட்டரோடு இணைக்க சீரியல் கேபிள். அந்தக் காலத்து பிசி சீரியல் போர்ட்டின் வழக்கமான உச்ச வேகம் விநாடிக்கு 1,15,200 பிட். கணக்குப் போட்டுப் பாருங்க: 500 கிலோபைட் படம் ஒன்றை இறக்க முக்கால் நிமிஷம். ஐம்பது படம்னா அரை மணி நேரத்துக்கு மேல! அதுவும் கேமரா கம்பெனி கொடுத்த மென்பொருள் இருந்தாத்தான்.

சோனி 1997-ல் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. அதன் மேவிகா கேமராவுக்குள் சாதாரண 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியையே செருகலாம். கேமரா செங்கல் மாதிரி இருக்கும். இருந்தாலும் ஜனங்களுக்குப் பிடித்தது. காரணம், ஃப்ளாப்பியைப் படிக்காத கம்ப்யூட்டரே அன்றைக்கு இல்லை என்று சொல்லலாம். கேமராவுக்காகக் கம்ப்யூட்டர் புதுசா எதையும் கத்துக்க வேண்டாம், அதுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பாஷையைக் கேமரா பேசினாப் போதும். பின்னால் வந்த தீர்வுக்கும் அடிப்படை இதே எண்ணம்தான்.

1996-ல் யூஎஸ்பி வந்தது. 1998-ல் வந்த 1.1 பதிப்பின் உச்ச வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். கேபிள் பொதுவாயிடுச்சு, பாஷை இன்னும் பொதுவாகலை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு டிரைவர், தனக்கென்று ஒரு சிடி என்றே இருந்தது. 1999-ல் முடிவான யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் விதிகள்தான் இதை மாற்றின. செருகியதும் கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்கும். கேமரா தன்னைக் கேமரா என்று சொல்லாது. "நான் ஒரு டிஸ்க்" என்று சொல்லும். அதுக்கப்புறம் ஹார்ட் டிஸ்கிடம் பேசுகிற ஸ்கஸி கட்டளைகளிலேயே பேச்சு நடக்கும்: இத்தனையாவது பிளாக்கைக் கொடு, இந்த பிளாக்கில் இதை எழுது. அவ்வளவுதான்.

விண்டோஸ் 98-ல் இதுக்கான பொது டிரைவர் கிடையாது. அதனால அந்தச் சிடி தேவைப்பட்டது. விண்டோஸ் 2000, விண்டோஸ் மீ இரண்டிலும் டிரைவர் உள்ளேயே வந்தது.

டிஸ்க் திறந்தா மட்டும் போதுமா? படம் எங்கே இருக்குன்னு தெரியணுமே. அதற்கு ஜப்பானில் 1998-ல் டிசிஎஃப் என்ற விதிமுறையை வகுத்தார்கள். எந்தக் கம்பெனி கேமராவானாலும் டிசிஐஎம் என்ற ஃபோல்டர், அதற்குள் 100 முதல் 999 வரை எண்ணில் தொடங்கும் துணை ஃபோல்டர்கள், கோப்புப் பெயரில் நாலு எழுத்து, நாலு இலக்கம். இன்னிக்கு உங்க போன்லயும் அந்த டிசிஐஎம் இருக்கு, பாருங்க.

லினக்ஸ்காரர்கள் பாடு வேற. அவங்களுக்குச் சிடியே வராது. அதனால் இந்தப் பொது விதி அவர்களுக்கு வரப்பிரசாதம். 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னலில், கேமராவைச் செருகினால் அது ஒரு ஸ்கஸி டிஸ்காகத் தெரியும். மவுன்ட் கட்டளை கொடுத்துப் படங்களை எடுத்துக்கலாம். ஆனா எல்லாக் கேமராவும் விதிப்படி நடக்கவில்லை. சில கேமராக்கள் தங்களிடம் இருப்பதைவிட ஒரு பிளாக் கூடுதலாக இருப்பதாகவே சொல்லும்! இப்படி முரண்டு பிடிக்கும் கருவிகளுக்கென்றே கெர்னலில் தனியாக ஒரு பட்டியல் கோப்பு உண்டு. அதில் உள்ள பல வரிகள் யாரோ ஒருவர் தன் கேமராவோடு மல்லுக்கட்டி அனுப்பிய திருத்தம்.

இந்த வேஷத்துக்கு ஒரு விலையும் இருந்தது. டிஸ்குக்கு ஒரே நேரத்தில் ஒரு எஜமான்தான் இருக்க முடியும். கம்ப்யூட்டர் கையில் இருக்கும்போது கேமராவும் எழுதினால் கோப்பு அட்டவணை குழம்பிப் போகும். பாதியில் கேபிளைப் பிடுங்கினாலும் அதே ஆபத்து. அதனால் 2000 வாக்கிலேயே பிடிபி என்ற இன்னொரு நெறிமுறை வந்தது. அதில் கம்ப்யூட்டர் பிளாக்கைக் கேட்காது, "இந்தப் படத்தைக் கொடு" என்று கேட்கும். அதன் வழியில் வந்ததுதான் எம்டிபி. 2011-ல் ஆண்ட்ராய்டு 3.0 அந்தப் பக்கம் போனது.

ஆனா அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய கேமராவைக் காப்பாற்றியது அந்த எளிமையான வேஷம்தான். சொந்த பாஷை மட்டுமே பேசிய கேமராக்களுக்கு, அந்தச் சிடியை ஏற்கிற கம்ப்யூட்டர் இன்னிக்குக் கிடைப்பது கஷ்டம். ஜிஃபோட்டோ போன்ற தன்னார்வலர் திட்டங்கள் அந்த பாஷைகளில் பலவற்றைக் கண்டுபிடித்து எழுதி வைத்ததால், அவற்றிலும் பல பிழைத்திருக்கின்றன. உங்க குழந்தையோட முதல் பிறந்தநாள் படம் வெளியே வருமா, வராதா என்பதை, யாரோ சிலர் எப்போதோ உட்கார்ந்து எழுதின ஒரு பொது விதி தீர்மானிக்குது.

இந்த வாரம் அந்தக் கேமராவைத் தேடி எடுங்க. முதல்ல எல்லாத்தையும் காப்பி பண்ணுங்க, அப்புறம் முறையா எஜெக்ட் பண்ணிட்டு கேபிளைக் கழற்றுங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.