எரின்: தேயிலைப் பணமும் ஒரு நீராவி உல்லாசக் கப்பலும்

எரின், தேயிலை வணிகர் சர் தாமஸ் லிப்டனுக்குச் (1848–1931) சொந்தமாக இருந்த நீராவி உல்லாசக் கப்பல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருஞ்செல்வர்கள் வைத்திருந்த இத்தகைய கப்பல்களை யாட் என்று அழைத்தனர். இவற்றில் சரக்கு ஏற்றுவதில்லை. கட்டணப் பயணிகளும் இல்லை. உரிமையாளரும் அவருடைய விருந்தினரும் மேல்தளத்தில் உலவுவார்கள். கீழே ஆட்கள் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்டியாக வேண்டும். பின்னாளில் டீசல் எஞ்சின் பூட்டிய மோட்டார் யாட்டுகள் இந்தத் தொல்லையை ஒழித்தன.

இக்கப்பல் 1896இல் ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரில், சிசிலித் தீவின் புளோரியோ குடும்பத்துக்காகக் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் ஏகூசா. 1898இல் லிப்டன் அதை வாங்கி, அயர்லாந்தைக் குறிக்கும் எரின் என்ற பெயரைச் சூட்டினார். அதே ஆண்டில்தான் அவருடைய நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றது. அவருக்குச் சர் பட்டமும் கிடைத்தது.

நம் மாணவர்களுக்கு லிப்டன் என்றால் மஞ்சள் நிறத் தேயிலைப் பொட்டலம். ஆனால் அவர் கிளாஸ்கோவில் 1871இல் தொடங்கியது மளிகைக்கடை. வெண்ணெயும் பன்றியிறைச்சியும் விற்றே முதலில் செல்வம் சேர்த்தார். 1890இல் இலங்கைக்கு வந்து ஊவா மலைநாட்டில் தம்பதென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அதன்பின் தேயிலைதான் அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது.

அத்தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களே. அவர்களும் கடலை நீராவிக் கப்பலில்தான் கடந்தார்கள். தூத்துக்குடியில் ஏறிக் கொழும்பில் இறங்கினார்கள். 1901இல் தகர டிக்கெட் முறை வந்தது. ஆள் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை அந்தத் தகர வில்லை காட்டும். வழிச்செலவு கடனாகத் தலையில் ஏறும். கங்காணியின் கணக்கில் அந்தக் கடன் எளிதில் தீராது. எரினின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பயணத்தையும் சேர்த்து எழுதவேண்டும் என்பது என் கருத்து.

எரினில் ஏழாம் எட்வர்டு மன்னரும் விருந்துண்டார். லிப்டனோ அமெரிக்கா கோப்பை எனும் பாய்மரப் படகுப் போட்டியில் பித்தாக இருந்தார். ஷாம்ராக் என்ற பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து படகுகள் கட்டி 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் போட்டியிட்டார். ஐந்திலும் தோல்வி. முதல் மூன்று முயற்சிகளுக்கும் துணைக்கப்பலாக அட்லாண்டிக்கைக் கடந்தது எரின்தான்.

முதல் உலகப்போர் வந்ததும் விருந்துகள் நின்றன. 1915இல் செர்பியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது மருத்துவர்களையும் செவிலியரையும் ஏற்றிக்கொண்டு எரின் சென்றது. லிப்டனும் உடன் சென்றார். பின்னர் பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துக்கொண்டு பழைய பெயரான ஏகூசாவையே மீண்டும் வைத்தது. 1916 ஏப்ரல் 28 அன்று மால்டா அருகே, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் விதைத்திருந்த கண்ணிவெடியில் மோதி மூழ்கியது.

போருக்குப் பின் லிப்டன் வேறொரு கப்பலை வாங்கி அதற்கும் எரின் என்றே பெயரிட்டார். 1931இல் அவர் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோ நகருக்குப் போயிற்று. தம்பதென்னைத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. அதற்கு மேலே, லிப்டன் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலைமுனைக்குச் சுற்றுலாப் பயணிகள் ஏறிப்போகிறார்கள். போகும் வழியெல்லாம் லயங்கள்.