நாட்டார் பாடலா, ஆசிரியருள்ள பாடலா?

தமிழக எல்லையை ஒட்டிய ஆனேக்கல்லில் கன்னட நண்பர்களோடு ரகு தீட்சித் குழுவின் முதல் இசைத்தொகுப்பைக் (2008) கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. அதிலுள்ள சிசுநாள சரீஃப் (1819–1889) பாடல்களை ‘நாட்டார் பாடல்’ என்று வகைப்படுத்துவது தகுமா?

சரீஃப் தம் பாடல்களில் ‘சிசுநாளாதீசன்’ என்னும் முத்திரையைப் பதித்தவர். அம்முத்திரையே ஆசிரியரை அடையாளம் காட்டுகிறது. மேலும், இப்பாடல்கள் சிற்றூரிலிருந்து நேரே ஒலிப்பதிவுக்கூடம் புகவில்லை. சி. அஸ்வத்தின் மெட்டுகளும், அவர் இசையமைத்து நாகாபரணா இயக்கிய 1990ஆம் ஆண்டுத் திரைப்படமும் அவற்றை நகரத்தார் செவிகளுக்கு முன்பே பழக்கியிருந்தன.

குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களை நாம் அவர் பெயராலேயே அறிகிறோம். அம்மதிப்பு சரீஃபுக்கும் உரியது. ‘நாட்டார்’ என்னும் பொதுப்பெயர் ஒரு கவிஞரையும், அவரைப் பாடிக் காத்தவர்களையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.