ஒளிந்து எடுத்தவரும் ஒளி வீசி எடுத்தவரும்

தமிழில் 'ஒளி' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. பெயர்ச்சொல்லாக நின்றால் அது வெளிச்சம். வினைச்சொல்லாக நின்றால் மறைந்துகொள்வது. நேர் எதிரான இந்த இரண்டு பொருளும் முட்டி மோதிய கலை ஒன்று உண்டு. வேலைக்குப் போகிற, வேலை முடிந்து திரும்புகிற முன்பின் தெரியாத மனிதர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடிக்கும் வீதிப் புகைப்படக் கலைதான் அது. இந்தக் கலை பெரிதாக வளர்ந்த நகரங்களில் முதன்மையானது நியூயார்க். அங்கே ஏறத்தாழ நூறாண்டுகளாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது எனலாம். தெரியாத ஒருவரைப் படம் எடுக்க வேண்டுமானால் ஒளிந்திருந்து எடுப்பதா, முகத்தில் பிளாஷ் ஒளி வீசி எடுப்பதா? இரண்டில் எது நாகரிகம்?

'இரண்டுமே நாகரிகமில்லை' என்று சிலர் சட்டென்று சொல்லக்கூடும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் புகைப்படக்காரர்கள் ஏன் பயணிகளையே தேடிப் போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவர் தந்தையாக, தாயாக, பிள்ளையாக இருக்கிறார். அலுவலகத்தில் எழுத்தராக, மேலாளராக, காவலாளியாக இருக்கிறார். இரண்டுக்கும் நடுவே ரயிலில் உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம் மட்டும் அவர் யாராகவும் இருக்க வேண்டியதில்லை. அப்போது அந்த முகத்தில் வருவது எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காத முகம்.

அந்த முகத்துக்காகவே வாக்கர் எவன்ஸ் ஒளிந்துகொண்டார். 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் அமெரிக்க ஏழை விவசாயிகளைப் படம் எடுத்துப் பெயர் பெற்றவர் அவர். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1938-ல் அவருடைய படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. அதே ஆண்டில் அவர் நகரின் பாதாள ரயிலில் ஏறினார். 35 மில்லிமீட்டர் காண்டாக்ஸ் கேமரா ஒன்றின் பளபளப்பான பாகங்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசினார். அதை மேலங்கிக்குள் வைத்து, பொத்தான்களுக்கு இடையே லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி செய்தார். ஷட்டரை இயக்கும் நீண்ட கம்பி அங்கியின் கைக்குள்ளாகச் சென்று உள்ளங்கையில் முடிந்தது. தனியாக உட்கார்ந்திருக்கும் ஆளைப் பிறர் கவனிப்பார்கள் என்பதால், இளம் புகைப்படக் கலைஞரான ஹெலன் லெவிட்டைத் துணைக்கு அழைத்துப் போனார்.

கண்ணில் கேமராவை வைத்துப் பார்க்க முடியாது. எதிர் இருக்கையில் யார் வந்து உட்காருகிறாரோ அவர்தான் படம். 1941 வரை விட்டுவிட்டு நடந்த இந்த வேலையில் 600-க்கும் அதிகமான படங்கள் சேர்ந்தன. தொப்பி அணிந்த கனவான், கம்பளிக் கோட்டுக்குள் புதைந்த மூதாட்டி, செய்தித்தாளில் கண் பதித்த தொழிலாளி. ஒரு படத்தில், பயணிகளுக்கு நடுவே பார்வையற்ற இசைக்கலைஞர் ஒருவர் அக்கார்டியன் வாசித்தபடி நடந்து வருகிறார். அந்தப் பெட்டியில் இருப்பவர்களில் அவர் ஒருவரிடம்தான் எவன்ஸ் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

எவன்ஸ் ஏன் பிளாஷ் பயன்படுத்தவில்லை? அப்போது அது இல்லாமல் இல்லை. பிளாஷ் பல்பு 1929-ல் ஜெர்மனியிலும் 1930-ல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரு முறை அந்தப் பல்பு வெடித்து மின்னினால் பெட்டியிலுள்ள அத்தனை பேரும் விழித்துக்கொள்வார்கள். அடுத்த நொடியே எல்லாருக்கும் முகமூடி வந்துவிடும். பின்னாளில் திரைப்பட இயக்குநராக உலகப் புகழ் பெற்ற ஸ்டான்லி குப்ரிக், பதின்ம வயதில் 'லுக்' இதழுக்காக இதே பாதாள ரயிலில் படம் எடுத்தார். 1947 மார்ச்சில் அவை வெளியாயின. ரயிலின் மனநிலை கெட்டுவிடக்கூடாது என்பதற்காக, அங்கிருந்த மங்கலான வெளிச்சத்தையே நம்பினார் அவர்.

பிளாஷுக்கு அந்த நகரில் வேறொரு பூர்வீகமும் இருந்தது. 1887-ல் ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் மீதெ, யோஹன்னஸ் கெடிக்கெ என்ற இருவர் மெக்னீசியத்தோடு வேறு ரசாயனங்களைக் கலந்து, தீப்பட்டதும் பளீரென்று எரியும் தூளைக் கண்டுபிடித்தனர். நியூயார்க்கில் போலீஸ் செய்தியாளராக இருந்த டென்மார்க் குடியேறி ஜேக்கப் ரீஸ், அந்தச் செய்தியை நான்கே வரியில் நாளிதழில் படித்தார். குடியேறிகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இருட்டறைகளைப் பற்றி எவ்வளவு எழுதியும் யாரும் அசையவில்லையே என்று வெந்துகொண்டிருந்தவர் அவர். தூளும் கேமராவுமாக நள்ளிரவில் கிளம்பிவிட்டார். தூளை எரியவைக்க முதலில் துப்பாக்கியைப் பயன்படுத்தினார்கள். நடு இரவில் துப்பாக்கியோடு ஆட்கள் நுழைந்தால் யார்தான் நிற்பார்கள்? குடியிருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். பிறகு ரீஸ் சமையல் வாணலியில் தூளைக் கொட்டி எரித்தார். இருமுறை வீட்டுக்குத் தீ வைத்ததையும் ஒருமுறை தன் மீதே தீப்பற்றியதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1890-ல் வந்த அவருடைய நூல் நகரத்தை உலுக்கியது. வாடகைக் குடியிருப்புகளுக்கான 1901-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அந்தப் படங்களுக்கும் பங்குண்டு.

ஆக, பிளாஷ் முதலில் வீதிக்கு வந்தது மறைந்துகிடந்ததை வெளிக்கொண்டுவரும் கருவியாகத்தான். ஆனால் வெளிச்சம் விழுந்தது யார் மீது என்பதைக் கவனியுங்கள். வாடகை வாங்கிய முதலாளி மீது அல்ல, தரையில் தூங்கியவர் மீது.

1930களிலும் 40களிலும் வீஜி என்ற பெயரில் இயங்கிய ஆர்தர் ஃபெலிக் இந்த வெளிச்சத்தைக் குற்றச் செய்திக்குக் கொண்டுபோனார். காரில் போலீஸ் வானொலி, கையில் பெரிய ஸ்பீட் கிராஃபிக் கேமரா, ஒரு படத்துக்கு ஒரு பல்பு. கொலை நடந்த இடத்தைப் பார்க்கக் கூடி நிற்கும் வழிப்போக்கர்களின் முகங்களையும் அவர் படமாக்கினார். 1945-ல் வெளியான அவருடைய நூலுக்குப் பிறகு, இரவு நியூயார்க் என்றாலே கருமைக்கு நடுவே வெளுத்த முகங்கள் என்ற தோற்றம் நிலைத்துவிட்டது.

பல்பு இருந்தவரை ஒவ்வொரு படத்துக்கும் பிறகு சூடான பல்பைக் கழற்றிப் புதிதாக மாட்ட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்ட் எட்ஜர்ட்டன் 1930களில் வளர்த்தெடுத்த மின்னணு பிளாஷ் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. அது சிறுத்துச் சிறுத்து உள்ளங்கைக்குள் வந்த பிறகுதான் வீதிக் கலை உண்மையிலேயே மாறியது. பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி என்ற பழைய நிலக்கரி நகரில் மார்க் கோஹன் 1970களில் அதைச் செய்து காட்டினார். ஒரு கையில் கேமரா, மறு கையில் பிளாஷ். கேமராவைக் கண்ணில் வைக்காமலே, நடைபாதையில் வருபவரை மிக நெருங்கி, இடுப்பளவில் ஒரு சொடுக்கு. தலை இல்லாத கோட்டு, கை மட்டும், முழங்கால் மட்டும் என்று படங்கள் வந்தன. 1973-ல் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. வீதியில் நின்றவர்கள் சிலர் போலீசைக் கூப்பிட்டார்கள்.

நியூயார்க் நடைபாதைக்கு இந்த முறையைக் கொண்டுவந்து பெரும் பெயரும் பெரும் கண்டனமும் சேர்த்துக்கொண்டவர் புரூஸ் கில்டன். 1946-ல் புரூக்ளினில் பிறந்தவர். லைக்கா கேமரா, 28 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ், இடது கையில் பிளாஷ். அலுவலகம் விட்டு வேகமாக வரும் மனிதர் முன் ஒன்றிரண்டு அடி தூரத்தில் குனிந்து, முகத்துக்கு நேராக மின்னவைப்பார். அவர் என்ன நடந்தது என்று திகைப்பதற்குள் கில்டன் அடுத்தவரிடம் போயிருப்பார். நகரத்தின் வேகத்தையும் பதற்றத்தையும் காட்ட பிளாஷ் உதவுகிறது என்பது அவர் தரும் விளக்கம்.

அந்தப் படங்கள் ஏன் அப்படித் தெரிகின்றன என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். பிளாஷிலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் இரண்டு மீட்டரில் நிற்பவருக்கு. நான்கு மீட்டருக்குப் போனால் பதினாறில் ஒரு பங்கு. அதனால் கூட்டத்தில் நூறு பேர் வந்தாலும் ஒருவர் மட்டும் வெளுத்து முன்னே குதிப்பார். மற்றவர்கள் இருட்டுக்குள் பின்வாங்குவார்கள். இன்னொன்றும் உண்டு. பிளாஷ் எரிவது ஆயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைவு. ஆனால் லைக்கா போன்ற கேமராக்களில் பிளாஷோடு சேர்ந்து இயங்க ஷட்டர் ஐம்பதில் ஒரு வினாடியாவது திறந்திருக்க வேண்டும். ஆகவே முகம் கல்லாய் உறைய, சுற்றிலும் நடப்பவர்கள் இழுபட்டு ஓடுவார்கள். வண்ணப் படமென்றால் கடைவிளக்கின் பச்சையும் பிளாஷின் நீலமும் சண்டையிடும். கறுப்பு வெள்ளையில் அந்தத் தொல்லை இல்லை. தோலின் சுருக்கம், வியர்வை, கோட்டின் நெசவு எல்லாம் செதுக்கியதுபோல வந்துவிடும்.

இதில் கில்டனின் படத்துக்கு வந்தவர் உண்மையில் அவ்வளவு விகாரமான மனிதரா, அந்த வெளிச்சம்தான் அப்படி ஆக்கியதா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அதற்கு ஒரு சாட்சி 2019-ல் வந்தது. 1978 முதல் 1984 வரை, பிளாஷைக் கைக்கொள்ளும் முன்பு அவர் எடுத்து மறந்துபோயிருந்த நியூயார்க் படங்கள் நூலாக வெளியாயின. அதே நெரிசலான நடைபாதை, அதே நெருக்கம். ஆனால் அங்கே ஒரு மனிதர் மற்ற மனிதர்களோடு சேர்ந்து நடக்கிறார். பிளாஷ் வந்த பிறகு அவர் தனித்துவிடுகிறார்.

ஆனாலும் எவன்ஸைக் கனவான் என்றும் கில்டனை முரடர் என்றும் பிரித்துவிடுவது எளிதான தீர்ப்பாகவே படுகிறது. எவன்ஸின் படங்கள் அமைதியானவை, மரியாதையானவை. ஆனால் அவற்றில் இருப்பவர்களுக்குத் தாங்கள் படமாக்கப்பட்டதே தெரியாது. கில்டனின் பிளாஷ் மின்னியதும் அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. யார் எடுத்தார் என்று பார்க்கலாம், திட்டலாம், துரத்தலாம். திருடனுக்கும் வழிப்பறிக்காரனுக்கும் உள்ள வித்தியாசம்தானே என்று ஒருவர் கேலி செய்யலாம். இருந்தாலும் வெளிச்சம் போட்டவன் தன் முகத்தையும் காட்டிவிடுகிறான் என்பது சின்ன விஷயமல்ல. ஒளிந்ததன் கனம் எவன்ஸுக்கும் தெரிந்திருந்தது. தாம் செய்தது அத்துமீறல் என்பதை ஒப்புக்கொண்ட அவர், காலம் அதைக் கொஞ்சமாவது தணிக்கட்டும் என்று காத்திருந்தார். அந்தப் படங்கள் நூலாக வந்தது 1966-ல்.

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. புரூஸ் டேவிட்சன் 1980-ல் பிளாஷோடு பாதாள ரயிலில் இறங்கினார். கறுப்பு வெள்ளையில் தொடங்கி விரைவிலேயே வண்ணத்துக்கு மாறியவர் அவர். குற்றங்கள் மலிந்திருந்த அந்தக் காலத்து ரயிலில் திடீரென்று ஒளி வீசுவது உயிருக்கே ஆபத்து. எனவே தாம் எடுத்த படங்களைச் சிறு ஆல்பமாகக் கையில் வைத்திருந்தார். பயணிகளிடம் காட்டி அனுமதி கேட்பார். சில வேளை கேட்டால் அந்தக் கணம் போய்விடும் என்று முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பேசுவார். பேசவாவது பேசினார்.

ஒளிவதும் ஒளியும் ஒன்றாகச் சேர்ந்தது டைம்ஸ் சதுக்கத்தில். 1999 முதல் 2001 வரை பிலிப் லோர்கா டிகோர்சியா அங்கே கட்டடச் சாரத்தில் பிளாஷ்களைப் பொருத்தி, தூரத்தில் நின்று நீண்ட லென்ஸில் வழிப்போக்கர்களை எடுத்தார். வண்ணப் படங்கள்தான். ஆனால் நல்ல பகலில் மேலிருந்து விழுந்த அந்த ஒளியைப் பலர் உணரக்கூட இல்லை. அப்படிப் படமானவர்களில் ஒருவர் ஆசாரமான யூத முதியவர். தம் உருவத்தைப் படமாக்கி விற்பது தம் சமய நம்பிக்கைக்கு விரோதம் என்று 2005-ல் அவர் வழக்குத் தொடுத்தார்.

அவர் நம்பியது 1903-ஆம் ஆண்டின் நியூயார்க் மாநிலச் சட்டத்தை. ஓர் இளம்பெண்ணின் படத்தைக் கேட்காமலே மாவு விளம்பரத்தில் 25,000 பிரதி அச்சிட்டதும், 1902-ல் மாநில உச்ச அமர்வு அவளுக்கு நியாயம் தர மறுத்ததும் மக்களைக் கொதிக்கவைத்ததால் பிறந்த சட்டம் அது. விளம்பரத்துக்கும் வாணிபத்துக்கும் ஒருவர் படத்தை எழுத்துவழி அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. ஆனால் கலை என்பது வாணிபமல்ல என்று 2006 பிப்ரவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2007-ல் மேல்முறையீடும், வழக்குத் தொடுக்கும் ஓராண்டுக் கெடு கடந்துவிட்டது என்ற காரணத்தால் தோற்றது. தம் படம் இருப்பதே அந்த முதியவருக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. எடுத்தபோதே தெரிந்திருந்தால் கெடு தப்பியிருக்காது.

இதே காலத்தில்தான் பாதாள ரயில் நிர்வாகமும் ஒரு முடிவெடுக்க வேண்டிவந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்திய அச்சத்தில், ரயிலிலும் நிலையங்களிலும் படம் எடுப்பதையே தடை செய்ய 2004-ல் அது முன்மொழிந்தது. புகைப்படக்காரர்கள் கேமராக்களோடு ரயிலேறி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2005-ல் திட்டம் கைவிடப்பட்டது. முன்பிருந்த விதியே நீடித்தது. அந்த விதிப்படி பயணிகள் கேமரா கொண்டுவரலாம், படம் எடுக்கலாம். அதை வெளியே தெரியும்படி பிடிக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. கூடாதவை என்று பெயர் சொல்லியிருக்கும் துணைக்கருவிகள் முக்காலி, ஒளியைத் திருப்பும் தட்டி, பிறகு விளக்கு.