பென்னிகுக் குடியிருந்த வீடு

2021-ல் மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூலகம் கட்ட இடம் பார்த்தப்போ ஒரு பெரிய சண்டை வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அந்தப் பொதுப்பணித்துறை வளாகத்துல இருந்த பழைய கட்டடம் பென்னிகுக் வாழ்ந்த வீடு, இடிக்கக் கூடாதுன்னு எதிர்ப்பு. எங்க அல்லிநகரம் டீக்கடை வரைக்கும் கொதிச்சாங்க. முல்லைப் பெரியாறு தண்ணியில நெல் விளையிற ஊர்ப்பக்கம், கொதிக்கத்தானே செய்யும்!

மாவட்ட நிர்வாகம் பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டியது. கட்டட வேலை தொடங்கியது 1912, முடிந்தது 1913. பென்னிகுக் இறந்தது 1911 மார்ச் 9. அவ்வளவுதான் விஷயம். ரெண்டு தேதியைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்க யாருக்கும் தோணலை.

இதே சோதனையை இன்னொரு கதைக்கும் வைக்கலாம். அரசு கைவிரித்ததும் இங்கிலாந்து சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்பது. என் சித்தப்பா மகன் கல்லூரி ப்ராஜெக்ட்டுல இதை எழுதியிருந்தான். ஆதாரம் எங்கடான்னா, "இருபது இடத்துல போட்டிருக்குண்ணே"ங்கிறான். பார்த்தேன். எல்லாம் ஒரே பத்தி, எழுத்துப்பிழைகூட மாறலை. அது இருபது சாட்சி இல்லை, ஒரே சாட்சி இருபது தடவை பேசினது. எந்தச் சொத்து, எந்த வருஷம், வாங்கினது யார்? எதுவும் இல்லை. ஆபீஸ்ல ஒரு பக் வந்தா பத்துப் பேர் பத்து காரணம் சொல்வாங்க, நாம லாக் ஃபைலைத்தானே திறப்போம்?

இங்கே லாக் ஃபைல் இருக்கு. அணை வேலையில் இருந்த பொறியாளர் மெக்கன்சி எழுதி 1899-ல் சென்னையில் அச்சான பெரியாறு திட்ட வரலாறு. 1897-ல் லண்டன் சிவில் இன்ஜினியர்கள் கழகத்துக்குப் பென்னிகுக்கே எழுதிய கட்டுரை. பணம் எப்படி வந்தது, வெள்ளம் எதை அடித்துப் போனதுன்னு தேட வேண்டியது முதலில் அங்கேதான்.

ஆனா மெக்கன்சியையும் முழுசா நம்பிட முடியாது. அவர் அரசாங்க ஆள். அளவு, செலவு, வேலை நடந்த வரிசை எல்லாத்துக்கும் அவர் நல்ல சாட்சி. மலேரியாவிலும் காலராவிலும் செத்த கூலிக்காரங்க என்ன நினைச்சாங்கன்னு அவர்கிட்ட கேட்க முடியாது. அதுக்கு நம்ம பள்ளத்தாக்குக் கிழவிகளைத்தான் கேட்கணும். கேட்டா, சொன்னவங்க பேர், ஊர், அவங்களுக்கு யார் சொன்னது, கேட்ட தேதி நாலையும் சேர்த்துக் குறிச்சு வைங்க.